வெள்ளை அட்டையை எடுத்து வாருங்கள்: நெல்லைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு சூரிய மின்சார வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு சோலார் பேனல்கள் ஏறிய நாளிலிருந்து, வருகிற சொந்தக்காரர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் மாடிப்படியைத்தான் பார்க்கிறார்கள். ஏறி வந்து பேனலை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, வரிசை மாறாமல் மூன்று கேள்வி கேட்பார்கள். எவ்வளவு ஆயிற்று? கரண்ட் பில்லே வராதா? வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமாமே? மூன்றுக்கும் என் முதல் பதில் ஒன்றுதான். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் சொருகி வைத்திருக்கும், ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையை எடுத்து வாருங்கள், அப்புறம் பேசலாம்.

மின்சாரம் விளைகிற மண்தான் நம்முடையது. பாபநாசத்தில் தாமிரபரணி 1944 முதல் விளக்கேற்றுகிறது. பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக் காற்று வீணாகாமல் காற்றாலைகள் நிற்கின்றன. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. 2025 பிப்ரவரியில் கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா நிறுவனத்தின் சோலார் பேனல் செய்யும் ஆலையை முதல்வர் திறந்துவைத்தார். ஆனால் நம் வீட்டுக் கூரைக்குச் சூரியன் வேலைக்கு வந்தது மிகத் தாமதமாக. 2011ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் கட்டிக்கொடுத்த முந்நூறு சதுர அடி வீடுகளின் சோலார் விளக்குகள்தான் பல கிராமங்களில் முதல் அறிமுகம். நடுத்தரக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தது 2024 பிப்ரவரியில் மத்திய அரசு, வீட்டுக் கூரையில் பேனல் போட மானியம் தரும் ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்தை அறிவித்த பிறகு. ஒரு கோடி வீடுகள் இலக்கு; 2025 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் பத்து லட்சம் வீடுகளில் பேனல் ஏறிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். நான் தட்டுத் தடுமாறிக் கற்றதைப் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் அட்டை

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101லிருந்து 200 வரை யூனிட் 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2 ரூபாய் 35 காசுப் படி மறைந்துவிடும். 101லிருந்தே 4 ரூபாய் 70 காசு. அதற்கு மேல் 8.40, 9.45, 10.50 என்று ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாய் 55 காசில் நிற்கும். 2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய விலைகள் இவை. நீங்கள் படிக்கும்போது மாறியிருந்தால் புது விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் விதம் மாறாது.

இந்தப் படிக்கட்டு விலைதான் சூரிய மின்சாரத்தின் லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது. பேனல் முதலில் அழிப்பது உச்சிப் படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்களை. கீழே வர வர அழிக்கிற யூனிட்டின் மதிப்புக் குறைந்துகொண்டே போகும்.

கல்லிடைக்குறிச்சி அத்தை மஞ்சள் பையில் அட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். பில் 188 ரூபாய். ஒரு கிலோவாட் போட மானியம் போகக் கையிலிருந்து 45,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால்கூட, போட்ட முதல் திரும்ப நாற்பது வருடம் பிடிக்கும். “அத்தை, இந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போடுங்கள்” என்றேன். அவர்களுக்கு முகம் சற்று வாடியது. பக்கத்து வீட்டில் போட்டிருக்கிறார்களே என்ற ஏக்கம். பக்கத்து வீட்டில் இரண்டு ஏசி ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது 700 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏசி, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், கிரைண்டர் இருக்கிற வீடு. பில் 3,825 ரூபாய். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் அறுபது நாளில் 480. மீதி 220 யூனிட்டுக்கு வரும் பில் 329 ரூபாய். அதாவது ஒவ்வொரு பில்லிலும் ஏறக்குறைய 3,500 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 21,000. விற்பனையாளர் வந்து “எதற்கு அரைகுறையாக, மூன்று கிலோவாட்டாகப் போட்டுவிடுங்கள், பில் பூஜ்யம்” என்பார். போட்டால் யூனிட் கணக்கில் பூஜ்யம்தான். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த 329 ரூபாயை மட்டும். வருடத்துக்கு இரண்டாயிரத்துக்குக் கீழே. இரண்டு கிலோவாட் 1,40,000, மூன்று கிலோவாட் 1,95,000 என்று விலை சொல்கிறார்கள் என்று கொள்ளுங்கள். மானியம் போக 80,000க்கும் 1,17,000க்கும் இடையே 37,000 ரூபாய் வித்தியாசம். முதல் இரண்டு கிலோவாட் நான்கு வருடத்துக்குள் முதலைத் திருப்பித் தரும். மூன்றாவது தன் பங்கைத் திருப்பித் தரப் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகும். பூஜ்ய பில் என்ற ஆசைக்கு நாம் கொடுக்கும் விலை அது.

அதனால் கடந்த ஆறு பில்களையும் எழுதிக் கூட்டி ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள். கோடையில் வந்த பெரிய பில்லை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 300 யூனிட்டுக்குக் கீழே என்றால் பேனல் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. 300க்கும் 500க்கும் நடுவே என்றால் அவசரமில்லை. ஒரு கிலோவாட் போட்டால் ஏறக்குறைய எட்டு வருடத்தில் போட்ட முதல் திரும்பும், விருப்பமிருந்தால் செய்யலாம். 500க்கு மேல் என்றால் இனி சொல்வதையெல்லாம் கவனமாகப் படியுங்கள். அடுத்த வருடம் மின் ஸ்கூட்டரோ இரண்டாவது ஏசியோ வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்து மூன்று கிலோவாட் போடலாம்.

வரிச் சலுகை என்று எதைச் சொல்கிறார்கள்

இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம். டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா மகன் போனில், “முப்பது சதவீதம் வரியில் கழித்துக்கொண்டேன்” என்று சொன்னதை வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அவன் சொன்னது உண்மை, அவன் ஊருக்கு. அமெரிக்க மத்திய அரசு வீட்டு சோலார் செலவில் முப்பது சதவீதத்தை வருமான வரியில் குறைத்துக்கொள்ள விட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதையும் 2025 டிசம்பர் 31 உடன் முடித்துவிட்டது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இங்கே, தான் குடியிருக்கும் வீட்டுக்குப் பேனல் போடும் சம்பளக்காரருக்கு வருமான வரியில் அதற்கென்று தனிக் கழிவு எதுவும் கிடையாது. துண்டுச்சீட்டில் ‘வரிச் சலுகை உண்டு’ என்று அச்சடித்துக் கொடுப்பவரிடம், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். பேச்சு உடனே பேனலின் தரத்துக்குத் தாவும்.

வீட்டுக்காரருக்கு உள்ளது வேறு. முதலாவது மானியம். முதல் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக அதிகபட்சம் 78,000. ஐந்து போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000தான். இந்தப் பணம் விலையில் கழிக்கப்படாது. முழுத் தொகையையும் நீங்கள் கொடுத்து, வேலை முடிந்து, மின்வாரியம் சரி பார்த்த பிறகு உங்கள் வங்கிக் கணக்கில் நேரடியாக வரும். ஆகவே ஆரம்பத்தில் முழுப் பணமும் கையில் வேண்டும், அல்லது கடன் வேண்டும். இத்திட்டத்துக்கென்று பொதுத்துறை வங்கிகள் அடமானம் இல்லாமல் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. நகையை வைத்துப் பணம் புரட்டுமுன் அதை விசாரியுங்கள். திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரை.

இரண்டாவது ஜி.எஸ்.டி. சோலார் பேனலுக்கும், அது தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கும் பன்னிரண்டு சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் ஐந்து சதவீதம். பொருளும் பொருத்துக் கூலியும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகக் கொடுத்தால், தொகையில் எழுபது சதவீதத்தைப் பொருளாகவும் முப்பது சதவீதத்தைச் சேவையாகவும் பிரித்து வரி போடுவது விதி. பொருளுக்கு ஐந்து, சேவைக்குப் பதினெட்டு. கூட்டிப் பார்த்தால் மொத்தத் தொகைக்கு 8.9 சதவீதம். முன்பு அது 13.8 ஆக இருந்தது. லட்ச ரூபாய்க்கு 4,900 ரூபாய் வித்தியாசம். யாராவது இன்னமும் 13.8 போட்ட பழைய விலைச்சீட்டை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

வருமான வரிச் சலுகை உண்மையாகவே உள்ளவர்கள் தொழில் செய்பவர்கள். அல்வாக் கடை, அரிசி ஆலை, மருத்துவமனை போன்றவை தங்கள் இடத்தில் பேனல் போட்டால், அதன் மதிப்பில் வருடத்துக்கு நாற்பது சதவீதம் தேய்மானம் என்று செலவில் காட்டலாம். 2017 மார்ச் வரை அது எண்பது சதவீதமாக இருந்தது. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக இயங்கியிருந்தால் பாதிதான். அதாவது புரட்டாசி நடுவுக்குள் பேனல் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளினால் முதல் வருடம் இருபது சதவீதத்தோடு நிற்கும். ஆனால் விற்பனையில் ஆறு அல்லது எட்டு சதவீதத்தை லாபமாக ஒப்புக்கொண்டு வரி கட்டும் உத்தேச வருமான முறையில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு இதனால் பயனில்லை. அந்தச் சதவீதத்துக்குள் தேய்மானமும் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கடை இணைப்புக்கு 78,000 ரூபாய் மானியமும் கிடையாது. வீட்டின் முன்பகுதியில் கடை வைத்திருப்பவர்கள் எந்த மீட்டரில் போடுவது என்பதைத் தங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மீட்டர் யார் பெயரில் இருக்கிறது

எனக்கு மூன்று மாதம் விழுங்கிய விஷயம் இது. எங்கள் மின் இணைப்பு தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா போய் இருபது வருடம். வீட்டு வரி அப்பா பெயரில். வங்கிக் கணக்கு என் பெயரில். பில்லை யார் கட்டினாலும் மின்வாரியம் வாங்கிக்கொள்வதால் இதில் தப்பிருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. மானியம் என்று வரும்போதுதான் இணைப்பின் பெயரும் விண்ணப்பிப்பவர் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக நிற்க வேண்டியிருக்கிறது. வாரிசுச் சான்று, பத்திர நகல், வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று ஒவ்வொன்றாகத் திரட்டிப் பெயர் மாற்றினோம். மைனி ஒருத்தி கையெழுத்துப் போடச் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. அவள் வந்ததில் ஒரு பழைய மனத்தாங்கலும் தீர்ந்தது என்பது கணக்கில் வராத லாபம்.

ஆகவே பேனல் விலை விசாரிக்கும் முன்பே பெயரைச் சரி செய்யுங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் இருப்பதுகூடத் தொல்லை தரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதில் இறங்க முடியாது. கூரை சொந்தமாக இருக்க வேண்டும்.

தட்டட்டியில் ஒரு நாள்

மொட்டை மாடியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தட்டட்டி என்பார்கள். ஒரு கிலோவாட்டுக்கு அங்கே நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். இந்த நிழலில்லாத என்பதுதான் சூட்சுமம். பேனல்கள் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோக்கப்படுவதால் ஒரு பேனலின் மூலையில் விழும் தென்னை ஓலை நிழல்கூட மற்றவற்றின் உற்பத்தியையும் சேர்த்து இழுத்துவிடும். காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மாடி ஏறி நிழலைச் சாக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள்.

புத்தகங்களில் பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்க்கச் சொல்வார்கள். டெல்லிக்கு எழுதிய அறிவுரை அது. நமக்குச் சற்று இளக்கம் உண்டு. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி நண்பகலில் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேலே வருகிறது. அன்று தொடங்கி ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அதனால் சாய்வு பத்துப் பாகை போதும். அதுவும் பாதி வெயிலுக்காக, பாதி மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு வடிவதற்காக. தெற்கில் இடமில்லையென்றால் கிழக்கு மேற்காகப் போட்டாலும் இழப்பு சொற்பம். நிழலும் இதற்கேற்ப மாறும். தண்ணீர்த் தொட்டி பேனலுக்குத் தெற்கே இருந்தால் மார்கழியில் நீண்ட நிழல் விழும். வடக்கே இருந்தால் ஆனியில் குட்டை நிழல் விழும். ஒரே நாள் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஆளுக்கு இது தெரியாமல் போகலாம். உங்கள் மாடி உங்களுக்குத் தெரியும்.

ஊருக்கு ஊர் கவனிக்க வேண்டியதும் வேறு. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் பொதிகை மலை மாலைச் சூரியனை முன்கூட்டியே மறைத்துவிடும். சாரல் காலத்தில் மேகமும் அங்கிருந்துதான் வரும். கிழக்குச் சாய்வு அங்கே கைகொடுக்கும். மலையடிவாரத்தில் குரங்குகளும் உண்டு. வயர்களைக் குழாய்க்குள் மூடி எடுத்துப் போகச் சொல்லுங்கள். நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன நம் முன்னோர்கள் இரண்டரை சதுர மீட்டர் பேனலைப் பார்த்ததில்லை. அங்கே பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை உயரமாகத் தூக்கிக் கட்டுவது ஆபத்து. உவரி, இடிந்தகரை போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். துத்தநாகப் பூச்சுள்ள குழாய்களும் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் இல்லாமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

நம் பழைய மாடிகளில் சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை) போட்டு மேலே தட்டை ஓடுகள் பதித்திருப்பார்கள். சட்டத்தை நிறுத்த அதில் துளை போட்டால் அடுத்த ஐப்பசியில் கீழே வாளி வைக்க வேண்டியிருக்கும். துளையிடாமல் கனமான கான்கிரீட் கட்டைகள் வார்த்து அதில் சட்டத்தைப் பொருத்தலாம். அக்கிரகாரத்து மர உத்தர வீடு என்றால் ஏற்றும் முன்பு நல்ல கொத்தனாரை அழைத்து வந்து காட்டுங்கள். ஒவ்வொரு பேனலும் ஏறக்குறைய முப்பது கிலோ. கட்டைகளின் எடை தனி.

எங்கள் ஆச்சிக்கு இருந்த ஒரே ஆட்சேபம், கூழ் வற்றல் காயப்போட இடம் போய்விடுமே என்பதுதான். ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் கீழே இடம் கிடைக்கும், ஆனால் நிழலில் வற்றல் காயாது. ஆச்சி சொல்லித்தான் அது எங்களுக்கு உறைத்தது. தாழ்வாகப் போட்டு, தெற்கு மூலையை வற்றலுக்கு விட்டுவிட்டோம்.

இன்வெர்ட்டரை எங்கே மாட்டுவது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அதைத் தரைத்தளத்து வராந்தாவில் மாட்டுவது அறிவில்லை. மாடிப்படி அறையின் உள்சுவர் நல்ல இடம். வெயில் படாது, காற்று வரும், தண்ணீர் எட்டாது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

திட்டத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மாவட்ட வாரியாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவரிடம் போட்டால் மானியம் வராது. மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். மொத்த விலையை மட்டும் எழுதித் தருகிறவரிடம், பேனல் எந்த நிறுவனம், எத்தனை வாட், எத்தனை எண்ணிக்கை, இன்வெர்ட்டர் எது, சட்டம் எவ்வளவு கனம், வயர் எத்தனை மீட்டர், நெட் மீட்டர் (உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் அளக்கும் மீட்டர்) கட்டணம் யார் பொறுப்பு என்று பிரித்துக் கேளுங்கள். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல்களைக் கொண்ட உள்நாட்டுப் பேனல்தான் செல்லும். அதை டி.சி.ஆர். பேனல் என்பார்கள். இறக்குமதி செல் உள்ள பேனல் விலை குறைவு என்பதால் கை மாறிவிட வாய்ப்புண்டு. லாரியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து, சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். நான் ஒப்பிட்டேன். ஒரு எண் தவறாக இருந்தது. தட்டச்சுப் பிழை என்றார்கள். சான்றிதழைத் திருத்தித் தந்த பிறகே மீதிப் பணம் கொடுத்தேன்.

மூன்று நில இணைப்புக் (எர்த்) குழிகள் தனித்தனியாக வேண்டும். பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. செலவு மிச்சம் பிடிக்க ஒரே குழியில் மூன்றையும் கட்டும் பழக்கம் இருக்கிறது. ஐப்பசி இடியில் அந்த மிச்சம் இன்வெர்ட்டரோடு போய்விடும். கண் முன்னே தோண்டச் சொல்லுங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு விற்பனையாளரின் கடமை என்பது திட்டத்தின் நிபந்தனை. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் போட்டுத் தந்த அண்ணாச்சியிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி, இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட ஒரு வீட்டைக் காட்ட முடியுமா என்பது. அழைத்துப் போய்க் காட்டினார். காட்டத் தயங்கியவரை ஏற்கெனவே பட்டியலிலிருந்து அடித்திருந்தேன்.

விண்ணப்பமும் மீட்டரும்

இதில் பயப்பட ஒன்றுமில்லை. இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பத்துக் கிலோவாட் வரை மின்வாரியத்தின் சாத்திய ஆய்வு (அந்த இடத்தில் பேனல் இணைக்க முடியுமா என்று பார்ப்பது) தேவையில்லை என்று 2024ல் விதி மாறிவிட்டது. உங்கள் இணைப்புக்கு அனுமதித்திருக்கிற மின்பளுவைவிடப் பேனல் அதிகமென்றால் அதை உயர்த்துவதும் மின்வாரியத்தின் வேலை. விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து, பேனல் பொருத்தி, விவரங்களையும் படங்களையும் ஏற்றி, நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்கிறோம். பிரிவு அலுவலகத்திலிருந்து வந்து சோதித்து இருவழி மீட்டர் மாட்டுவார்கள். இயக்கச் சான்று இணையதளத்தில் ஏறியதும் வங்கிக் கணக்கு விவரமும் ரத்து செய்த காசோலையும் பதிவேற்றினால் மானியத்துக்கான வரிசையில் நிற்கிறீர்கள். இதையெல்லாம் விற்பனையாளரே செய்து தருவார். ஆனால் கடவுச்சொல்லும் கைபேசிக்கு வரும் எண்ணும் உங்களிடமே இருக்கட்டும்.

நெட் மீட்டர் மாட்டும் முன்பு ஆசைக்கு இன்வெர்ட்டரை ஓட விடாதீர்கள். சில பழைய மீட்டர்களுக்கு வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வந்ததாகக் கணக்கிடும் குணம் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் அப்படி இரண்டு வாரம் ஓட்டி, தான் கொடுத்த மின்சாரத்துக்குத் தானே பணம் கட்டினார்.

ஓடத் தொடங்கிய பிறகு

கரண்ட் போனால் பேனலும் நின்றுவிடும். நல்ல வெயிலில், கண் எதிரே பேனல் மினுங்கிக்கொண்டிருக்க, மின்விசிறி ஓடாது. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்கிறது. வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் அப்போதே பேனல் வைத்திருந்த ஒரே வீடும் மற்ற வீடுகளைப் போல இருட்டில்தான் இருந்தது. பேட்டரியோடு சேர்ந்த அமைப்பு வேறு. அதற்கு விலை அதிகம், பேட்டரிக்கு மானியம் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை அப்படியே வைத்துக்கொள்வது மலிவு.

முதல் பில் வரும்போது ஒரு பதற்றம் வரும். கைபேசிச் செயலி 470 யூனிட் உற்பத்தி என்று காட்டும். மீட்டரில் வெளியே அனுப்பியது 290 என்று இருக்கும். மீதி 180 எங்கே என்று எனக்கே போன் செய்து கேட்டவர்கள் உண்டு. பகலில் பிரிட்ஜும் மோட்டாரும் நேரடியாகத் தின்ற மின்சாரம் அது. மீட்டரைத் தொடாமலே வீட்டுக்குள் செலவாகிவிட்டது. உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் படிக்கட்டு விலை. வெளியே போனது அதிகமென்றால் அந்த யூனிட்கள் அடுத்த பில்லுக்குப் போகும். நிதியாண்டு முடிவில் தீர்க்கும் கணக்கில் மிச்ச யூனிட்டுக்குக் கிடைப்பது, நாம் வாங்கும் விலையைவிட மிகக் குறைவு. மின்சாரம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சை நம்பிப் பெரிதாகப் போட்டவர்கள் ஏமாறுவது மார்ச் மாதத்தில்.

அக்னி நட்சத்திரத்தில் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். இல்லை. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. கண்ணாடி அறுபது பாகை கொதிக்கும்போது உற்பத்தி இறங்குகிறது. மாசி, பங்குனியின் தெளிந்த வானம்தான் அதற்கு அறுவடைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் ஒரு யூனிட்கூடத் தேறாது. அந்தப் பில்லைப் பார்த்து விற்பனையாளரைத் திட்ட வேண்டாம்.

கழுவுவதைப் பற்றி ஒன்று. பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன்போ இறங்கிய பின்போ, பழைய பருத்தித் துணியும் நல்ல தண்ணீரும் போதும். போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பு காய்ந்து வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொண்டால் பிறகு சுரண்டவும் முடியாது. ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் இரண்டு வாளி பிடித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது ஆச்சியின் பொறுப்பு. வற்றலைத் திருப்பிப் போட ஏறும்போதே பேனலையும் ஒரு பார்வை பார்த்து, காக்கை எச்சம் இருந்தால் கீழே என்னைக் கூப்பிடுகிறாள்.